யப்பான்காரனா, கொரியாக்காரனா?

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு, சக்கரத்தைப் பற்றி மனித இனம் எடுத்த மிகப் பெரிய முடிவு எது என்று வருங்காலத்தில் பரீட்சையில் கேட்பார்கள். வட்டுக்கோட்டை மூத்தோர் நலன்புரிச் சங்கம் ஜீப் வாங்கிய முடிவு என்று எழுதுகிற பிள்ளைக்கு முழுப் புள்ளி கிடைக்கும்.

சங்கத்தின் தலைவர் நதானியேல் மாஸ்ரர். பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு பக்கமும் ஆராயாமல் செய்ய மாட்டார். தோசையைக்கூடப் பிரட்டிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார் என்று அவருடைய மனைவி நேசம்மா சொல்லுவார். அப்படிப்பட்டவருடைய கையில், கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் ஒரு வாகனத்துக்கான பணத்தை ஒப்படைத்தார்கள். ஊரில் கண் மங்கிய வயோதிபர்களை யாழ்ப்பாணத்துக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வரவேண்டும், அவ்வளவுதான்.

போகவேண்டியவர்களில் முதல் ஆள் கனிசியஸ். குருநகரில் பிறந்து, வட்டுக்கோட்டையில் கலியாணம் செய்து, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இரண்டு கண்ணிலும் புரை. யாழ்ப்பாணம் போவதற்கென்று ஒருநாள் தனியே பஸ் ஏறியவர், பெயர்ப்பலகை தெரியாமல் காரைநகரில் போய் இறங்கினார். கடற்காற்று முகத்தில் அடித்த பிறகுதான், இது ஆஸ்பத்திரி இல்லை என்று அவருக்குப் பிடிபட்டது. அதோடு பஸ் பயணத்தை விட்டுவிட்டு, சங்கத்தின் வாகனத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

சங்கமும் சும்மா இருக்கவில்லை. உடனடியாகத் தெரிவுக்குழு ஒன்று தெரிவு செய்யப்பட்டது. சங்கத்தின் தகுதிக்கு ஜீப்தான் ஏற்றது என்று முதற்கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஏகமனதுக்கு ஆயுள் அவ்வளவுதான். பட்டினத்தில் ஒரு கடையில் யப்பான்காரன் என்கிற யப்பான் ஜீப் நின்றது. எதிர்ப்புறக் கடையில் கொரியாக்காரன் நின்றது. இரண்டுக்கும் விலை ஒன்று, இருக்கைகள் ஒன்று, சக்கரங்களும் ஒரே எண்ணிக்கை என்று பொருளாளர் பரமலிங்கம் நேரில் போய் உறுதிப்படுத்தினார். விலையில் ஒரு வித்தியாசம் இருந்திருந்தால் அன்றைக்கே பிரச்சினை தீர்ந்திருக்கும். சமமான இரண்டு பொருட்களுக்கு நடுவில் நின்றால்தான் நீதிமானுக்கு வேர்க்கும். நதானியேல் மாஸ்ரருக்கு வேர்த்தது.

பரமலிங்கம் கொரியாவின் பக்கம். அதில் கூரை திறக்கும். வயோதிபர்களுக்குக் கூரை எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஆகாயத்தைப் பார்த்தால் மனம் லேசாகும் என்றார் பரமலிங்கம். கண் தெரியாதவர்கள் எப்படி ஆகாயத்தைப் பார்ப்பது என்ற அடுத்த கேள்விக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று விளக்கம் தரப்பட்டது. அது நல்ல விளக்கம் என்று பதியப்பட்டது.

செயலாளர் நிஷானி வயதில் இளையவர், பள்ளிக்கூட ஆசிரியை, அனுபவம் போதாதவர். அதனால் கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

"மாஸ்ரர், ரெண்டு ஜீப்பும் சரியான உயரம். வயசு போன ஆக்கள் ஏறமாட்டினம். உயரம் குறைஞ்ச, பதிவான ஒரு வான் வாங்கினால் என்ன?"

தேவாலயத்தில் யாரோ கைபேசியை அடிக்கவிட்டதுபோல எல்லோரும் நிஷானியைப் பார்த்தார்கள். நதானியேல் மாஸ்ரர் கோபப்படவில்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ளவை இரண்டு ஜீப்புகள் மட்டுமே, வான் நிரலுக்கு வெளியே நிற்கிறது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். இருந்தாலும் உயரப் பிரச்சினையைச் சங்கம் உதாசீனம் செய்யவில்லை. ஏறுவதற்கு ஒரு மரப்படி செய்விக்க உபகுழு அமைக்கப்பட்டது. மரம் வேம்பா முதிரையா என்ற கட்டத்தில் அந்த உபகுழு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து 'களஆய்வு'. நோயாளியின் நிலையில் தம்மை வைத்துப் பார்க்காமல் வாகனம் வாங்குவது தர்மம் அல்ல என்று தெரிவுக்குழு கருதியது. ஆகவே இரண்டு கடைக்காரரிடமும் வண்டியை மாறிமாறி இரவல் வாங்கி, குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு, நோயாளிகளாகப் பாவனை செய்து புறப்பட்டார்கள். யப்பான்காரனில் கசோரினா கடற்கரைக்குப் போனார்கள். கொரியாக்காரனில் கீரிமலைக்குப் போனார்கள். மணலில் எப்படி ஓடும் என்று ஒரு சந்தேகம் வந்ததால் மணற்காட்டுக்கு இரண்டிலும் போனார்கள். திரும்பும் வழியில் ஐஸ்கிறீம் குடித்தார்கள். பரமலிங்கத்தின் பேரப்பிள்ளை கூரையைத் திறந்து தலையை வெளியே நீட்டியபோது, நோயாளிகளுக்கு இது எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துப் பெரியவர்கள் நெகிழ்ந்தார்கள்.

அந்தப் பயணங்களில்தான் நதானியேல் மாஸ்ரருக்கு ஒன்று நடந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் ஸ்கூட்டரில் போனவர். ஒழுங்கைகளின் இருபக்கமும் அவர் கண்டதெல்லாம் வேலியும் மதிலும்தான். ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறியிருந்தபோது முதல்முறையாக மதில்களுக்கு மேலால் பார்த்தார். யாருடைய வளவில் எத்தனை மா காய்த்திருக்கிறது, யார் கிணற்றடியில் புது மோட்டார் பூட்டியிருக்கிறார், யார் கொடியில் யாருடைய சறம் காய்கிறது எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. இவ்வளவு காலமும் ஊரின் அரைவாசியைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அவருடைய மனம் கனத்தது. இன்னும் இரண்டொரு களஆய்வு தேவை என்று அன்றிரவே முடிவு செய்தார்.

இதற்கிடையில் கனிசியஸ் ஒரு கூட்டத்துக்கு நேரில் வந்தார். மகள் றெஜினா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினாள். முன்னூற்றிநாலு சீட்டு விளையாடும்போது சிவப்பும் கறுப்பும் பிரிபடவில்லை, கூட்டாளிகள் தன்னைச் சேர்க்கிறார்கள் இல்லை, இனி எப்போது போகலாம் என்று கேட்டார்.

"அண்ணை, உங்களுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்," என்றார் நதானியேல் மாஸ்ரர். கனிசியஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவசரப்பட்டுப் பிழையான ஜீப்பிலை உங்களை ஏத்தேலாது."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் மாஸ்ரர். ரெண்டுமே தெரியாது."

பயனாளியிடம் பக்கச்சார்பு இல்லை என்பது மிகுந்த பாராட்டுடன் கூட்டறிக்கையில் சேர்க்கப்பட்டது. நிஷானி எழுதினார். எழுதி முடித்துப் பேனையை மூடியவர், வாசலில் நின்ற றெஜினாவோடு என்னவோ மெதுவாகக் கதைத்தார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லாதபடியால் யாரும் கவனிக்கவில்லை.

வாக்கெடுப்பு வைத்தார்கள்; சமமாக வந்தது. மறுபடி வைத்தார்கள், யப்பான் பக்கம் நின்றவர் கொரியாவுக்கும், கொரியா பக்கம் நின்றவர் யப்பானுக்கும் விட்டுக்கொடுத்து, மறுபடியும் சமமாக வந்தது. கடைசியில் தீர்த்து வைத்தவர் நேசம்மா. ஜீப்பை நிறுத்திவைக்க இடம் இருப்பது தலைவர் வீட்டில்தான் என்பதால், தலைவர் வீட்டுக் கேற்றுக்குள் எது நுழையும் என்று பார்க்கச் சொன்னார். யப்பான்காரன் கண்ணாடியை மடித்தும் நுழையவில்லை. கொரியாக்காரன் சுவரில் கொஞ்சம் உரசிக்கொண்டு நுழைந்தது. வயோதிபர்களின் கண்பார்வைக்கு ஏற்ற வாகனம் கொரியாதான் என்று அறிவிக்கப்பட்டது.

கையளிப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். போதகர் ஜெபம் செய்தார். ஐயர் தேங்காய் உடைத்தார். கனடாவில் இருந்தவர்கள் பார்ப்பதற்காக நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பானது. தெரிவுக்குழு முன்வரிசையில் மாலையோடு இருந்தது. தன்னலமற்ற உழைப்பு என்றால் என்னவென்று நதானியேல் மாஸ்ரர் நீண்ட நேரம் விளக்கிவிட்டு, முதற் பயணியாகக் கனிசியஸ் அவர்களை மேடைக்கு அழைத்தார். கைபிடித்து ஏற்றிவரத் தொண்டர்கள் இரண்டு பேர் ஓடினார்கள்.

கனிசியஸ் தொண்டர்களை விலத்திக்கொண்டு தானே நடந்து வந்தார். படியில் தடக்கவில்லை. ஒலிவாங்கி இருந்த இடம் அவருக்குத் தெரிந்திருந்தது.

கமெரா ஓடிக்கொண்டிருந்ததால் மாஸ்ரர் சிரித்தார். "அண்ணை, கண்..."

"புரை வெட்டியாச்சு மாஸ்ரர், ரெண்டு கண்ணிலையும். நிஷானி பிள்ளை லீவு போட்டு, பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போனவ. இப்ப முன்னூற்றிநாலிலை என்னை ஒருத்தரும் வெல்லேலாது."

கனடா பார்த்துக்கொண்டிருந்தது. எதையாவது சொல்லி விழாவைக் காப்பாற்ற வேண்டுமென்று, மாஸ்ரர் பளபளவென்று நின்ற வாகனத்தைக் காட்டினார்.

"அப்ப வடிவாப் பாருங்கோ அண்ணை. ஜீப் எப்பிடி இருக்கு?"

கனிசியஸ் ஜீப்பைப் பார்க்கவில்லை. முன்வரிசையை ஒரு கரையிலிருந்து மற்றக் கரை வரைக்கும், மாலை மாலையாக, ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"உவைதானே தெரிவுக்குழு? இவ்வளவு நாளும் பனிப் புகார் மூடின மாதிரி இருந்தது மாஸ்ரர். இப்ப எல்லாரையும் நல்லாத் தெரியுது."