வருகைக்கு நாற்பது புள்ளி

நியாயமானவன் என்று பெயர் எடுக்கத் துடிக்கிற ஆளிடம் மட்டும் நியாயம் கேட்டுப் போய்விடாதீர்கள். லஞ்சம் வாங்குகிறவனிடம் போனால்கூடப் பரவாயில்லை, கேட்டதைக் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டு வரலாம். இந்த நியாயவான் இருக்கிறானே, அவனுக்கு உங்கள் காரியம் ஒரு பொருட்டே இல்லை. அறையில் இருக்கிற நாலு பேர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதிலேயே அவன் கண் இருக்கும். இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், இருபத்தெட்டு வயதில் நானே அப்படியொரு ஜென்மமாகத்தான் இருந்தேன்.

அப்போது ஈப்போ டவுனுக்கு வடக்கே ஓர் இடைநிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா (ஒன்று எழுதுவதற்கு, இன்னொன்று சும்மா ஒரு கெத்துக்கு). ஆசிரியர் அறையில் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் "ஈப்போ" என்பேன். பச்சைப் பொய். நான் பிறந்தது செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். தோட்டத்தை மூடி, பால்மரத்தை வெட்டி, செம்பனையை நட்டு, பாதி சனம் டவுனுக்குப் போன பிறகும் அந்த லயத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் மிச்சமிருந்தன.

அதில் ஒரு குடும்பத்துப் பெண்தான் லோகேஸ்வரி. படிவம் நான்கு, பதினாறு வயது. எல்லோருக்கும் லோகா. அவள் அப்பா லோரி ஓட்டினார், அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பிள்ளை என்னவோ ஓடுவதற்கென்றே பிறந்ததுபோல் இருந்தது.

எங்கள் பள்ளிகளில் வருடா வருடம் மெரெந்தாஸ் டேசா நடக்கும். குறுக்கோட்டம் என்று தமிழில் எழுதுவோம், வாயில் வருவது மெரெந்தாஸ்தான். பள்ளி வாசலில் கிளம்பி, மலாய்க் கிராமத்துச் சாலை, செம்பனைக் காடு, சாக்கடை ஓரம் எல்லாம் சுற்றிப் பள்ளித் திடலுக்கே திரும்ப வேண்டும். குறுக்கு வழியில் யாரும் புகுந்துவிடக்கூடாது என்பதற்காக வழியில் மூன்று இடங்களில் ஆசிரியர்கள் உட்கார்ந்து ஓடி வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு ரப்பர் வளையம் கொடுப்போம். அந்த வருடம் இரண்டாவது இடத்தில் நான். குடையை விரித்து, நாற்காலியைப் போட்டு, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிறேன். அதற்குள் முன்னால் வந்து நிற்கிறாள், கையை நீட்டிக்கொண்டு. மூச்சுகூட வாங்கவில்லை. நான் சம்பல் கையோடு ரப்பர் வளையத்தைத் தேடிய நேரத்தில் அவள் இன்னொரு கிலோமீட்டர் ஓடியிருப்பாள்.

பள்ளியில் முதல். மாவட்டத்திலும் முதல். மாநிலத்தில் நான்காவது. அதுவும் வெள்ளைப் பள்ளிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு.

வருடக் கடைசியில் பள்ளி ஒரு சிறந்த ஓட்டக்காரியைத் தேர்ந்தெடுக்கும். வழக்கமாக ஒரு பிளாஸ்டிக் கோப்பையோடு அந்தக் கதை முடிந்துவிடும். அந்த வருடம் மட்டும் விஷயம் பெரிது. யாருக்கு விருதோ அவள் பெயரைத்தான் மாநிலப் பயிற்சி முகாமுக்கு அனுப்புவதாக முடிவு. பெண்கள் பிரிவில் பள்ளிக்கு ஒரே ஒரு பெயர். முகாமில் கண்ணில் பட்டால் விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படுக்கை, நல்ல சப்பாத்து, பயிற்றுநர் எல்லாம் கிடைக்கும். லோகாவுக்கு அந்த லயத்தை விட்டு வெளியே வர அதைவிட நல்ல வழி இல்லை என்பது யாரைவிடவும் எனக்குத்தான் தெரியும். நான் அந்த லயத்திலிருந்து வெளியே வந்தவன்.

தேர்வுக் கூட்டம் புதன்கிழமை மதியம். மேசையில் ஒரு தட்டு கறிபாப், ஐந்து ஆசிரியர்கள். விளையாட்டுப் பிரிவுத் தலைவர் ரசாக். அவருக்கு எதையும் நீட்டி முழக்கத் தெரியாது. பெண்கள் பிரிவு லோகேஸ்வரி, அடுத்தது ஆண்கள் பிரிவு என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினார். கட்டொழுங்கு ஆசிரியை மிஸஸ் வோங் தலையை ஆட்டிவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் மகனைப் பள்ளியிலிருந்து ஏற்றப் போக வேண்டும். இரண்டே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது.

அப்போது ரசாக் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மலாயில், "உங்க ஆளுதானே சிக்கு, சந்தோஷமா?" என்றார். (ஆசிரியர்களை மலாயில் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.)

மனுஷன் வாழ்த்துத்தான் சொன்னார். என் மரமண்டைக்கு அது குற்றச்சாட்டாக ஏறியது. உங்க ஆள் என்றால்? தமிழ்ப் பிள்ளை என்பதாலா? தோட்டத்து விஷயம் தெரிந்துவிட்டதா? நான் என் சாதிசனத்துக்காகச் சிபாரிசு செய்கிறேன் என்று இந்த அறையே நினைக்கிறதா? எழுந்து நின்றேன். (அந்தக் கூட்டத்தில் யாரும் எழுந்து நின்று பேசுவதே இல்லை. மிஸஸ் வோங் எனக்கு வயிற்றைக் கலக்குகிறதாக்கும் என்று நினைத்துக் கதவைக் காட்டினார்.)

பேசினேன் பாருங்கள் ஒரு பேச்சு. ஓட்டம் மட்டும் போதுமா, கட்டொழுங்கு வேண்டாமா, அர்ப்பணிப்பு வேண்டாமா, முறையான தகுதிகோல் இல்லாமல் பெயரைச் சொன்னால் நாளைக்குப் பெற்றோர் கேள்வி கேட்க மாட்டார்களா என்று பத்து நிமிடம். ரசாக் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். ஓட்டத்துக்கு விருது கொடுத்தால் ஓட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், சீருடையைப் பார்க்க வேண்டுமென்றால் அழகுப் போட்டி வைக்கலாம் என்றார். ஒரு நாள் ஓட்டத்தில் அதிர்ஷ்டம் இருக்கலாம் என்றேன். மூன்று ஓட்டத்திலுமா என்று கேட்டார். நான் விடுவேனா? ஆசிரியர்கள் அவரவருக்குப் பிடித்த பிள்ளைக்குத் தனியாகச் சலுகை காட்டுவதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம், வருகைப் புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டுமே உண்மை, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று முழங்கினேன். ரசாக் மணியைப் பார்த்தார். "சரி, நீங்களே போடுங்க" என்று விட்டுவிட்டார்.

மடிக்கணினியைத் திறந்து திரையில் கட்டம் கட்டினேன். நூறு புள்ளி. ஓட்டத்துக்கு நாற்பது, பயிற்சி வருகைக்கு நாற்பது, சீருடைக்கும் நேரந்தவறாமைக்கும் இருபது. வருகைக்கு ஏன் அவ்வளவு என்று மிஸஸ் வோங் கேட்டார். அர்ப்பணிப்பு என்றேன். உண்மைக் காரணத்தை இப்போது சொல்லலாம், வெட்கம் போய்விட்டது. வருகைப் புத்தகம் என் பொறுப்பு. சிவப்பு மையில் கோடு போட்டு, அட்டை போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வருடம் முழுக்க எழுதியிருந்தேன். அதை யாரும் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. பார்க்கட்டுமே என்று ஆசை.

பார்த்தார்கள். இருபத்துநான்கு பயிற்சிகளில் லோகா வந்தது மூன்று. ஓட்டத்துக்கு முழு நாற்பது, வருகைக்கு ஐந்து, காலையில் பஸ் பிந்தி வந்ததால் நேரத்தில் அடிபட்டுப் பன்னிரண்டு. மொத்தம் ஐம்பத்தேழு. அவளுக்கு அடுத்தடுத்து ஓடி வந்த பிள்ளைகளெல்லாம் வலைப்பந்துக்கும் போனதால் அவர்களுக்கும் வருகை குறைவு. எழுபத்துநான்கு புள்ளி எடுத்து முதலில் வந்து நின்றது யாழினி.

யாழினி பள்ளி ஓட்டத்தில் பத்தொன்பதாவது. பல் டாக்டர் மகள், யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். பயிற்சிக்கு ஒரு நாள் தவறாமல் அப்பா காரில் கொண்டுவந்து இறக்குவார். முதல் சுற்று ஓடுவாள், மிச்சச் சுற்றெல்லாம் தோழியோடு கதை பேசிக்கொண்டு நடப்பாள். என் புத்தகத்தில் நடந்தாளா ஓடினாளா என்பதற்குக் கட்டம் கிடையாது. சீருடை என்றால் சீருடை, அப்படியொரு சீருடை.

மிஸஸ் வோங் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

லோகா ஏன் வரவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் வர வேண்டாம் என்று சொன்னது நான். பயிற்சி நான்கு மணிக்கு. தோட்டத்துப் பக்கம் போகிற கடைசி பஸ் மூன்று மணிக்கு. வருட ஆரம்பத்தில் மூன்று பயிற்சிக்கு வந்துவிட்டு, இருட்டும் வரை வண்டி கிடைக்காமல் சாலையோரம் நின்றாள். நான்காவது வாரம் நானே கூப்பிட்டு, பஸ்ஸில் போய்விடு, சந்தியிலிருந்து லயம் வரைக்கும் நாலு கிலோமீட்டர் ஓடிப்போ, அதுவே பயிற்சிதான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளும் ஓடினாள், தினமும், புத்தகப் பையோடு. நான் என்ன பார்த்துக்கொண்டேன்? புத்தகத்தில் அனுமதி என்று எழுதக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் சுத்தமாக, சிவப்பு மையில், முட்டை போட்டேன்.

ரசாக்கே எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். "சும்மா வராம இருக்கிற பிள்ளை இல்லையே அது. யாராவது சிக்கு அனுமதி கொடுத்திருந்தா சொல்லுங்க, வந்ததாவே எழுதிக்கலாம்" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என் முகத்தில் அவர் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது.

ஒரே ஒரு வாக்கியம். நான்தான் சொன்னேன். அவ்வளவுதான். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் தனிச்சலுகை காட்டும் ஆசிரியர்களை அந்த மேசையில் வைத்து வறுத்தெடுத்திருந்தேன். இப்போது அந்த ஆசிரியர் நான்தான் என்று எப்படிச் சொல்வது? ஒரு கறிபாப்பை எடுத்து முழுசாக வாயில் திணித்துக்கொண்டேன். வாயில் உணவை வைத்துக்கொண்டு பேசக்கூடாதல்லவா, அதுவும் கட்டொழுங்குதானே. நான் மென்று முடிப்பதற்குள் ரசாக் யாழினி பெயரை எழுதிவிட்டார்.

பெயர்ப் பட்டியல் ஒட்டிய அன்று லோகா மாடிப்படி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். "சார், நீங்கதான் வர வேணாம்னு சொன்னீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல். கூட்டத்தில் எடுத்த முடிவும்மா, நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும் என்றேன். "பரவால்லலா சார்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

யாழினி மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். மேடையில் பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்திலிருந்தவளைப் பார்த்து, எனக்கா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள். முகாமுக்குப் போனவள் மூன்றாம் நாள் இரண்டு காலிலும் கொப்புளத்தோடு திரும்பி வந்தாள். நான் எந்தப் பேச்சுக்குப் பயந்தேனோ அந்தப் பேச்சு அதற்குள் பள்ளி முழுக்கப் பரவியிருந்தது. விருதுக்கு ஒரு மாதம் முன்புதான் யாழினி அப்பாவின் கிளினிக்கில் நான் இரண்டு பல்லை அடைத்து, எல்லாப் பல்லையும் சுத்தம் செய்துகொண்டு வந்திருந்தேன். தள்ளுபடியும் கொடுத்திருந்தார். கேண்டீன் அக்கா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "பல்லெல்லாம் நல்லா பளபளன்னு இருக்கு சார்" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்ததை நான் எண்ணவில்லை. ஒருதலைப்பட்சம் காட்டியதாகப் பழி வரக்கூடாதென்று ஒருத்தியைக் கவிழ்த்தேன். பழி வந்தது, அதுவும் பல் டாக்டர் வழியாக.

அடுத்த வருடம் லோகா ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக மறந்திருப்பேன். என்னைப் போன்றவர்களுக்கு மறதி நன்றாக வரும். ஆறு வருடம் கழித்து என் தம்பி, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று கூட வேலை செய்கிற ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தான். கதவைத் திறந்தேன். "வணக்கம் சார்" என்றாள் லோகா. இன்றைக்கும் சார்தான். வீட்டில் மற்ற எல்லோரையும் முறை சொல்லிக் கூப்பிடுகிறாள்.

அவர்கள் கல்யாணம் ஆன புதிதில், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டு இந்தக் கதையைக் குடும்பத்தில் சொன்னேன். என்னை முட்டாளாக்கித்தான் சொன்னேன், எழுந்து நின்றது, கட்டம் கட்டியது, பல் சுத்தம் செய்தது எல்லாம். அனுமதியையும் கறிபாப்பையும் மட்டும் விட்டுவிட்டேன். கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. கோழியில் கடைசித் துண்டு யாருக்கு என்றால்கூட என் மனைவி, "வருகைக்கு எத்தனை புள்ளின்னு அவரையே கேளுங்க" என்பாள்.

போன தீபாவளிக்கு என் மச்சான், மனைவியின் தம்பி, முதல்முறையாக இந்தக் கதையைக் கேட்டான். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு லோகாவிடம், அப்படி ஓடுகிற ஆள் ஏன் அக்கா பயிற்சிக்குப் போகவில்லை என்று கேட்டான். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. என் தம்பியும் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனிடம்கூட அவள் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

லோகா இடியாப்பத்தைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். "சோம்பேறித்தனம்லா தம்பி. சாயங்காலம் ஆனா தூக்கம் வந்துரும் எனக்கு" என்றாள். வீடே சிரித்தது.

இப்போது எங்கள் வீட்டில் பழைய கதை போய் இதுதான் ஓடுகிறது. லோகா காலை ஐந்து மணிக்கு எழுந்து ஷிஃப்டு வேலைக்குப் போகிறாள், வந்து சமைக்கிறாள், துவைக்கிறாள். எல்லாம் முடிந்து ஒரு பத்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்தால் போதும், அவளுடைய ஏழு வயது மகள் ஓடி வந்து, "அம்மா சோம்பேறி, அதான் கப்பு கெடைக்கல" என்று பாட்டுப் பாடுகிறாள். எல்லோரும் கை தட்டிச் சிரிக்கிறார்கள். லோகாவும் சிரிக்கிறாள். நான் அந்தப் பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.