அட்டைப்பெட்டி அடுப்பு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. ஞானதாஸ் வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அவருக்குக் காது ரொம்பக் கூர்மை. பெண்டாட்டி கடைக்குப் போகச் சொன்னால் மட்டும்தான் கேட்காது.

ஞானதாஸைத் தெரியுமில்லையா? கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், பாதுகாப்புப் பிரிவில் வேலை. காலையில் ஆபீஸ் பஸ்ஸில் ஏறுவார், சாயங்காலம் அதே பஸ்ஸில் புதுப்பட்டினத்தில் இறங்குவார். அவர் ஆபீசில் அடிக்கடி ஒத்திகை நடக்கும். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று, வராதபோதே வந்த மாதிரி விசிலடித்து, ஓடி, ஒரு மைதானத்தில் போய் நின்று தலையை எண்ணிக்கொண்டு திரும்பி வருவார்கள். அந்தப் பழக்கம் மனுஷனுக்கு ரத்தத்தில் ஊறிப்போச்சு. புதுக் குடை வாங்கினால் பாத்ரூம் ஷவருக்கு அடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூடுவாஞ்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் முந்தின நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு வருவார். இவ்வளவு ஏன்? கல்யாணத்துக்கு முந்தின நாளே ரெபேக்காள் விரலில் மோதிரத்தைப் போட்டுப் பார்த்தவர். போச்சு, கழலவில்லை. மறுநாள் மாதாகோயில் வாசலில் கல்யாணப் பெண்ணின் விரலுக்குச் சோப்புப் போட்டு நாலு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட மனுஷனை ஒரு நாள் சாயங்காலம் மாமல்லபுரம் கெடுத்துவிட்டது.

ஆபீசில் ஒரு பெரியவர் ரிடையர் ஆனார். கடலோர ஓட்டல் ஒன்றில், புல்தரையில் விருந்து. அங்கே ஒரு கேஸ் கிரில் அடுப்பு. கட்டில் அகலம் இருக்கும். அதன் மேல் சங்கரா மீனும் வவ்வால் மீனும் வரிசையாகப் படுத்திருந்தன. அடுப்புக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ஆள். ஞானதாஸ் வணக்கம் வைத்தால் ஃபைலிலிருந்து தலை தூக்காத அதிகாரிகள் எல்லாம் அந்தத் தொப்பிக்காரன் முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு, "மாஸ்டர், எனக்கொரு பீஸ்... மாஸ்டர், எனக்கு" என்று நிற்கிறார்கள். ஞானதாஸ் மீனைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரெபேக்கா, இனிமே இந்த வூட்டுல மீன் சுடறது நான்தான். கிரில் அடுப்பு வாங்கப் போறேன்."

ரெபேக்காள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்குங்களேன். எம்மாம் பெருசு?"

போனை நீட்டினார். "இத பாரு. நாலு பர்னரு. மேல மூடி. பக்கத்துல தட்டு வைக்க எடம். அடியில சக்கரம். ஒரே நேரத்துல இருபது மீனு வைக்கலாம்."

"சக்கரம் எதுக்கு? வூட்ட வுட்டு ஓடிப் போறதுக்கா?"

"தள்ளிகினு போறதுக்குடி. போர்ட்டபிள்!"

"நாம கீறது ரெண்டு பேரு. ராத்திரிக்கு ரெண்டு மீனு. அதுக்கு டிபன் பொட்டியாட்டம் சின்னதா ஒண்ணு வருதே, கையில தூக்கிகினு போற மாதிரி. அது பத்தாதா?"

"அதெல்லாம் ரூம் எடுத்து தங்கற பசங்களுக்கு. சின்ன அடுப்புல சுட்டா எவன் வந்து பாப்பான்?"

"மீனு துன்றதுக்கா, பாக்கறதுக்கா?"

"அடுப்பு பெருசா இருந்தா ஆளு தானா வரும், ரெபேக்கா. ஞாயித்துக்கெழமையானா நம்ம வூட்டுல கூட்டம்தான்."

"வர்ற கூட்டத்துக்கு மீனு ஆயறது, மசாலா தடவறது, தட்டு வைக்கறது, கடைசியில அம்மாம் தட்டையும் துலக்கறது யாரு?"

"அது இன்னா பெரிய வேலை?" என்றார் ஞானதாஸ். "அதுக்குத்தான் நீ கீறியே!"

பூண்டு உரித்த கை ஒரு நொடி நின்றது. பிறகு ரெபேக்காள் சிரித்தாள். பாருங்க, அப்போதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். சண்டை போடுகிறவளாக இருந்தால் சமாளிக்கலாம். சிரித்துவிட்டாளே!

இந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் வீடு மாடியில். கிழக்கே பார்த்த பால்கனி. சாயங்காலம் ஆனால் கடல் காற்று வந்து முகத்தைத் தடவும். அங்கே ஒரு ஈஸி சேர். பஸ்ஸை விட்டு இறங்கினதிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் ஞானதாஸ் அதில்தான் கிடப்பார். டீ அங்கேயே வரும். பேப்பர் அங்கேயே வரும். ரெபேக்காள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. காற்று வருகிற நேரமெல்லாம் அவளுக்கு அடுப்படியில் வேலை. வேலை முடிகிற நேரம் காற்றும் நின்றுபோகும், நாற்காலியில் அவர் குறட்டையும் ஆரம்பித்திருக்கும்.

மறுநாள் அவளே பேச்சை எடுத்தாள். "இன்னாங்க, அம்மாம் பெரிய அடுப்பு. எதுக்கும் ஒரு ஒத்திகை பாத்துடுவோமா?"

ஞானதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டதில்லை. "நீ சொல்றியா? நீயா சொல்ற?"

"ஒரு வாரம், அடுப்பு வந்துட்ட மாதிரியே இருந்து பாப்போம். ஆனா எல்லாம் நெசம் மாதிரியே நடக்கணும். நீங்கதான சொல்வீங்க, ஒத்திகையில வெளயாட்டு கூடாதுன்னு?"

கீழ் வீட்டில் லட்சுமணன் குடியிருக்கிறான். அதே ஆபீஸ், அதே பஸ். அவன் பெண்டாட்டி பார்வதம் அப்போதுதான் புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தாள். அந்த அட்டைப்பெட்டி மேலே வந்தது. போனில் போட்டிருந்த நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் ஞானதாஸே டேப் பிடித்து அளந்து, பெட்டியை வெட்டி, ஒட்டி, பால்கனியில் நிறுத்தினார். சிலிண்டருக்குப் பதிலாக ஒரு பச்சைக் குடம். மார்க்கர் பேனாவால் பர்னர்கூட வரைந்துவிட்டார்.

"சேரை எடுத்துடுங்க" என்றாள் ரெபேக்காள்.

"ஏன்?"

"நெருப்புப் பக்கத்துல துணி, கட்டை எதுவும் இருக்கக்கூடாதுங்களே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். ஆபீசில் அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறார். நாற்காலி உள்ளே போனது. ஹாலில் இடமில்லை. கடைசியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சாயங்காலம் ஞானதாஸ் அதில் சாய்ந்து டீயை வாயில் வைக்கவும் மெஷின் துணியைப் பிழிய ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. நாற்காலி ஆடியது, ஞானதாஸ் ஆடினார், டீ பனியனுக்குப் போனது. பால்கனியில் கடல் காற்றை அட்டைப்பெட்டி வாங்கிக்கொண்டு சும்மா நின்றது.

அதற்குள் லட்சுமணன் மாடிப்படி ஏறி வந்தான். "அண்ணாத்த! அடுப்பு வந்துட்சாமே!"

"டேய், அட்டைடா. ஒத்திகை."

"இருக்கட்டும் அண்ணாத்த. நெசமான அடுப்பு வந்தப்பறம் வர்ற மொத ஞாயித்துக்கெழமைக்கு நம்ம செக்‌ஷன் ஆளுங்க கிட்ட சொல்லிட்டேன். வாலிபால் டீம் கிட்டயும் சொல்லிட்டேன்."

"வாலிபால் டீமா? அவனுங்க ஆளுக்கு நாலு துன்னுவானுங்களே!"

"அதான் பெரிய அடுப்பு வாங்கறியே, அப்பறம் இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் முழு ஒத்திகை. ரெபேக்காள் ஒரு கூடை கத்திரிக்காயைக் கொண்டுவந்து வைத்தாள். "இதான் மீனு. நீட்டமானது வஞ்சிரம். உருண்டையானது வவ்வாலு. கழுவுங்க, கீறுங்க, மசாலா தடவுங்க."

"நானா?"

"பின்ன நானா? மாஸ்டர் நீங்கதான?"

கூடை முழுக்கக் கழுவி, கீறி, மசாலா தடவி முடிப்பதற்குள் விரலெல்லாம் எரிந்தது. அட்டை மேல் வரிசையாக அடுக்கினார். லட்சுமணனும் பார்வதமும் விருந்தாளிகளாக வந்து தட்டை ஏந்தி நின்றார்கள். ரெபேக்காள் ஞானதாஸின் சொந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். ஆபீசில் மேலதிகாரி நிற்பாரே, அப்படி.

"திருப்புங்க" என்றாள்.

அவர் இடுக்கியால் முதல் வரிசையைத் திருப்பினார். இரண்டாவது வரிசையைத் திருப்பினார். மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் விசில்.

"இன்னாடி?"

"முத வரிசை கருகிப்போச்சு."

ஓடி வந்தார். மறுபடி விசில். "கடேசி வரிசை வேகல."

"மாஸ்டர், காரம் பத்தல!" என்றான் லட்சுமணன்.

"அண்ணே, எனக்கு முள்ளு எடுத்துக் குடுங்க" என்றாள் பார்வதம்.

"கத்திரிக்காய்க்கு ஏதும்மா முள்ளு?"

விசில். "ஒத்திகையில எதிர்த்துப் பேசக் கூடாதுங்க."

அந்த நாலு பர்னருக்கு முன்னால் மனுஷன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். ஒரு பொறி நெருப்பு இல்லை, ஆனால் சட்டை நனைந்துவிட்டது. முடிந்தது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ரெபேக்காள் கொல்லையில் கிடந்த பழைய ஜன்னல் கம்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "கிரில் கம்பி இந்த சைஸ்தான் வருது. துலக்கிட்டு வந்துடுங்க."

அது சமையலறைத் தொட்டிக்குள் போகவில்லை. பாத்ரூம் கதவுக்குள் நேராகவும் போகவில்லை, சாய்த்தாலும் போகவில்லை. தலையில் சுமந்துகொண்டு மொட்டைமாடிக் குழாய்க்குப் போனார். திரும்பி வந்தபோது தட்டில் ரசம் சோறு இருந்தது.

"எனக்கு மீனு? அதான்... கத்திரிக்கா?"

"விருந்தாளிங்க துன்னுட்டாங்க. சுடறவருக்கு எங்க மிஞ்சுது?"

மறுநாளிலிருந்து மூன்று வேளையும் கத்திரிக்காய்க் குழம்பு. அதில் மட்டும் ஒத்திகை இல்லை, நிஜம்.

வாரக் கடைசியில் ஞானதாஸ் தொண்டையைக் கனைத்தார். ஆபீஸ் குரலில் பேசினார். லட்சுமணனும் அப்போது கூட இருந்தான். "ஒத்திகை முடிவு சொல்றேன். பெரிய அடுப்பு நம்ம எடத்துக்குச் சரிப்படாது. ஒத்தை பர்னரு, ரெண்டு மீன் வைக்கிற அளவு. அதான் ரெண்டு பேருக்குச் சரி. நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்."

ரெபேக்காளின் முகம் வாடிவிட்டது. "இன்னாங்க இது! ஆசையா சொன்னீங்களே. நாலு பேரு வருவாங்க, பாப்பாங்கன்னு... நான் வேணா கஷ்டப்படறேன். பெருசே வாங்குங்க."

"வேணாம், ரெபேக்கா!"

"இல்லீங்க, வாலிபால் டீமு..."

"அவனுங்க பேச்சே எடுக்காத!" ஞானதாஸ் பதறிப்போனார். எப்படியாவது அவளைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும். "சின்னதுன்னா உனக்கு ஒரு வேலையும் கெடையாது. ரெண்டு மீனு. நானே ஆய்வேன், நானே சுடுவேன், கம்பிய நானே கழுவுவேன். உள்ளங்கையளவு கம்பி, ஒரு நிமிஷ வேலை. நீ கிட்டயே வராத."

"பெரிய அடுப்புன்னா என்னிக்கோ ஒரு நாளு எடுப்பீங்க. சின்னதுன்னா தெனமும் எடுக்கணுமே?"

"தெனமும் எடுப்பேன்!"

"நெசமாவா?"

"லட்சுமணா, நீ சாட்சிடா!"

ரெபேக்காள் பெருமூச்சு விட்டாள். "நீங்க இவ்ளோ சொல்றப்ப நான் இன்னா பண்றது? சரி, சின்னதே வாங்குவோம்." பிறகு பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தாள். "பார்வதம்! அத எடுத்துகினு வா!"

பார்வதம் மாடிப்படி ஏறி வந்தாள். ஒரு கையில் டிபன் பெட்டி மாதிரி அடுப்பு, மறு கையில் சின்ன சிலிண்டர். "அக்கா, எங்க வூட்டு பீரோ மேலேயே கெடந்துச்சு. தெனம் தொடைச்சிகினு கீறேன்."

ஞானதாஸ் அடுப்பைப் பார்த்தார். ரெபேக்காளைப் பார்த்தார். "எப்ப வாங்கின இத?"

"நீங்க மாமல்லபுரத்துலேர்ந்து வந்து, அந்தத் தொப்பிக்காரன் கதைய மூணாவது தபா சொன்னீங்களே, அன்னிக்கே."

அன்று சாயங்காலம் அட்டைப்பெட்டி கீழே போனது. ஈஸி சேர் பால்கனிக்கு வந்தது. எட்டத்தில், தனியாக ஒரு ஸ்டூல் மேல் சின்ன அடுப்பு. இரண்டு சங்கரா. ஞானதாஸே ஆய்ந்து, கீறி, மசாலா தடவிக் கம்பியில் வைத்தார். நிஜமான நெருப்பு. நிஜமான சொய்ங். வாசனை தெருமுனை வரைக்கும் போனது. கீழிருந்து லட்சுமணன், "மாஸ்டர்!" என்று கத்தினான். ரெபேக்காள் தலையணை உறையில் தைத்த வெள்ளைத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டிவிட்டாள். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இந்தச் சின்ன அடுப்பில் இவ்வளவு பெருமை இருக்கிறதா!

ஒரு பக்கம் வெந்தது. திருப்பிப் போட்டார். இனிக் கொஞ்ச நேரம் சாயலாம் என்று நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

ரெபேக்காள் அதில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தாள். கடல் காற்றில் முந்தானை பறந்தது. கண்ணைத் திறக்காமலே தட்டை நீட்டினாள். "வாலு பக்கம் இன்னும் கொஞ்சம் மொறுமொறுன்னு ஆவட்டும், மாஸ்டர்."