குதிரை பாலத்தில் விழவேயில்லை

பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கிற பெற்றோர் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு: அதற்குள் பிள்ளை மறந்துவிடும் என்பது. என் மகன் கவின் மறக்கவில்லை. அவன் மறந்து தொலைப்பதெல்லாம் டிபன் பாக்ஸும் சூத்திரங்களும்தான்.

அவன் பத்தாம் வகுப்பில் நுழைந்த ஜூன் மாதம், "பரீட்சை முடியுற வரைக்கும் கேம் பெட்டியைத் தொடாம இருந்தா, நீ கேக்குற அந்தக் குதிரைவீரன் கேமை ரிலீஸ் ஆகுற அன்னிக்கே வாங்கித் தரேன்" என்று சொல்லிவிட்டேன். (நான் சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணக்கு மிஸ்ஸின் மகன் கணக்கில் கோட்டைவிட்டால் ஸ்டாஃப் ரூமில் எனக்கு டீ கூட ஆறித்தான் வரும்.) அவன் அன்றைக்கே பெட்டியைப் பழைய தலையணை உறைக்குள் போட்டுப் பரணில் ஏற்றினான். பத்து மாதம் இறக்கவேயில்லை. நானாக இருந்தால் பத்து நாளில் ஏணி போட்டிருப்பேன்.

பரீட்சை முடிந்த அடுத்த வாரம் கேம் வெளியானது. தாம்பரம் மார்க்கெட் பக்கத்துக் கடையில் ஷட்டர் தூக்கும்போதே போய் நின்று வாங்கினேன். வீட்டில் பிரித்தால் உள்ளே ஒரு வட்டத் தட்டு. பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் அதைப் போட்டதும், மீதி எல்லாவற்றையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொன்னது. நான் வாங்கியது கேம் அல்ல, கேமுக்கான டோக்கன். எங்கள் பேட்டையின் இணையம் மேகம் கறுத்தாலே படுத்துவிடும் ரகம் என்பதால், இறங்கி முடிக்க இரண்டு நாள் ஆனது.

பிறகுதான் அந்த அதிசய உலகத்தைப் பார்த்தேன். வீரனின் குதிரை கழுத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு முன்பக்கம் நடந்தது. சத்திரக்காரனுக்கு முகமே இல்லை. கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் நின்று நல்வரவு சொல்லின. ஆற்றுப் பாலத்தில் ஏறினால் குதிரை பலகைக்குள் முங்கி, பூமியைத் துளைத்து, வெள்ளையாக ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த உலகத்தில் ஒரு குறையும் இல்லாமல் இயங்கிய இடம் ஒன்றே ஒன்றுதான்: கடை. குதிரைக்குச் சேணம் தனி விலை, வீரனுக்கு மேலங்கி தனி விலை, கோட்டைக்குள் நடக்கும் கடைசி அத்தியாயமும் தனி விலை.

"பேட்ச் வரும்மா" என்றான் கவின், சாதாரணமாக. "எல்லா கேமும் ரிலீஸப்போ இப்படித்தான் இருக்கும். நெட் வழியாவே அனுப்பி ஆறு மாசத்துல சரி பண்ணிடுவாங்க."

"அப்ப ஆறு மாசம் கழிச்சே விக்க வேண்டியதுதானே?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். கிழிந்த சட்டையை விற்றுவிட்டு ஒட்டுத்துணியைப் பிறகு அனுப்பிவைக்கும் வியாபாரத்தை அவன் தலைமுறை ஏற்றுக்கொண்டுவிட்டது. என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "கூடுவாஞ்சேரியில நாம வாங்கின ஃப்ளாட்டை நினைச்சுப் பாரு. கிரகப்பிரவேசத்தன்னிக்கு லிஃப்ட் இருந்துச்சா? கார் நிறுத்தத் தனி, கிளப் ஹவுஸுக்குத் தனி. கேம்காரன் எல்லாம் நம்ம பில்டர்கிட்டதான் படிச்சிருக்கான்" என்றார்.

பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கைக் காப்பாற்றிய பிள்ளைக்கு நான் கொடுத்தது முகமில்லாத சத்திரக்காரன். இனி நான் சொல்லும் எதை அவன் நம்புவான்? வகுப்பில் நான் பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு, மீதி வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டுங்கள் என்று சொன்னால் விடுவார்களா? (அதற்கு டியூஷன் என்று பெயர் இருப்பதாக என் கணவர் நினைவூட்டினார். நான் கவனிக்கவில்லை.)

கவின் காத்திருக்கவும் இல்லை. பாலத்தைத் தவிர்த்துவிட்டுக் காட்டைச் சுற்றிக்கொண்டு போனான். கழுத்து திரும்பிய குதிரையோடு மூன்று வாரம் ஊர்ந்து, கோட்டைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தான். நானோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நியாயம் கேட்டு ஒரு கட்டுரையே எழுதினேன். நாற்பது பேர் கைகூப்பினார்கள். கடைக்குக் கூட வரச் சம்மதித்தவர் ஒரே ஒருவர், கவின் வகுப்பில் படிக்கும் ஹரிணியின் அப்பா. அவர் வீட்டுக் குதிரையும் பாலத்தில் விழுந்திருந்தது.

"அம்மா, கடைக்கெல்லாம் போகாத, ப்ளீஸ்" என்று கவின் சொல்லியிருந்தான். அதனால், அவன் மாமாவோடு திருநீர்மலைக்குப் போன சனிக்கிழமை காலையாகப் பார்த்து, கேம் பெட்டியைப் பூத்துவாலையில் சுற்றிக் காய்கறிக் கூடையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். மிக்சி ரிப்பேர் என்றால் மிக்சியைத் தூக்கிக்கொண்டு போகிறோமா இல்லையா?

"இன்னா மேடம், பூனைக்குட்டியா?" என்றார் டிரைவர். கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். போராளிகள் வழியில் பேசுவதில்லை.

கடை வாசலில் ஹரிணியின் அப்பா சேர்ந்துகொண்டார். கடைக்காரர் சேகர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். சாயம் போன புடவையைத் துணிக்கடையில் திருப்பி வாங்குகிறார்கள் என்ற உதாரணத்தையும் கேட்டார்.

"புடவைன்னா மாத்திக் குடுத்துருவேன் மேடம். இது எங்கியோ எவனோ குந்திகினு பண்றான், எனக்குத் தட்டுதான் வருது. என்னான்ட வந்து பேஜார் பண்ணா நான் இன்னா பண்ணுவேன்? செரி, குதிரை எங்க உழுவுது, காட்டுங்க."

தெருவைப் பார்த்து வைத்திருந்த பெரிய டிவியில் பெட்டியை மாட்டினார். திரையில் இரண்டு வழிகள் வந்தன: விட்ட இடத்திலிருந்து தொடர், அல்லது புதிதாகத் தொடங்கு. நான் இருபது வருடமாகக் கணக்கு எடுப்பவள். முதல் வரியிலிருந்து போட்டுக் காட்டினால்தான் தப்பு எங்கே நுழைந்தது என்று தெரியும். புதிதாகத் தொடங்கு என்பதை அழுத்தினேன். ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகக் கேட்டது. செயலிகள் கேட்கும் ஆயிரம் கேள்விகளுக்குப் படிக்காமல் எப்படிச் சம்மதிப்பேனோ அப்படியே சம்மதித்தேன்.

பாலத்துக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் குதிரையைக் கிணற்றில் இறக்கினேன், ஒரு கிழவரை இரண்டு முறை முட்டினேன். "லெஃப்ட்ல மேடம், லெஃப்ட்ல! அது மரம்!" என்று ஹரிணியின் அப்பா கத்தினார். மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் பையோடு நின்றார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "டேய், மேத்ஸ் மிஸ்டா! வீடியோ எடு, வீடியோ எடு!" என்றது.

பாலம் வந்தது. "இப்ப பாருங்க" என்று சேகரிடம் சொல்லிவிட்டு ஏற்றினேன். குதிரை, கழுத்து நேராக, ராஜநடை போட்டு மறுகரைக்குப் போனது. கூட்டம் கைதட்டியது. திரும்பி வந்து மறுபடி ஏற்றினேன். போனது. ஏழு முறை ஏற்றினேன். நியாயம் கேட்கப் போனவள், ஒரு வாயில்லா ஜீவன் ஆற்றில் விழவேண்டும் என்று திருநீர்மலைப் பெருமாளை வேண்டிக்கொண்டு நின்றேன்.

"குதிரை ஷோக்காதான் கீது மேடம். ஓட்றதுதான் கொஞ்சம் பாத்து ஓட்டணும்" என்றார் சேகர். கவின் சொன்ன பேட்ச், அந்த ஒட்டுத்துணி, முந்தின நாளே வீட்டுக்கு வந்து தானாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கிளம்பும்போதுதான் ஹரிணியின் அப்பா கேட்டார்: "உங்க பையன் எவ்வளவு தூரம் போயிருந்தான் மேடம்? அது பத்திரமா இருக்குல்ல?"

சேகரின் முகம் மாறியது. "புச்சா ஆரம்பிச்சீங்களா? இந்த கேம்ல ஆடினது பதிய ஒரே எடம்தான் மேடம். பழசு மேல புச்சு ஏறிக்கும். அதான் கேட்டுச்சே, பழசு அழிஞ்சிரும், பரவால்லியான்னு."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"மாசச் சந்தா கட்டிக்கினு இருந்தா நெட்ல ஒரு காப்பி இருக்கும்."

அந்தச் சந்தாவைப் பகல் கொள்ளை என்று சொல்லி மறுத்தவள் நான்தான். கேம் கம்பெனியின் அத்தனை பிழைகளும் சேர்ந்து மூன்று வாரத்தில் அழிக்க முடியாததை, அதன் எதிரியாகப் போன நான் ஒரு விரலால் அழித்திருந்தேன்.

கவின் நெற்றியில் திருமண்ணோடு வந்தான். துவாலையைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான். சொன்னேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"பாலத்துல விழலையா?"

"இல்லடா."

"ஏழு வாட்டியும்?"

"ஏழு வாட்டியும்."

"போகாதன்னு சொன்னேன்ல" என்றான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் சுட்ட தோசை ஹாட்பாக்ஸிலேயே வியர்த்தது.

மறுநாள் காலை என் முன்னால் வந்து நின்றான். "நீதானே அழிச்ச? நீதான் திரும்ப அங்க கொண்டுபோய் விடணும். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள. ப்ராமிஸ்?"

சத்தியம் செய்தேன். மீதிக் கோடை விடுமுறை முழுக்க, தினமும் மதியம், டிவி முன்னால் நான். பின்னால் நாற்காலி போட்டு அவன். "எத்தனை வாட்டிம்மா சொல்றது? மேப்பைப் படிச்சியா? அவசரம், எல்லாத்துலயும் அவசரம். கவனம் எங்க இருக்கு?" எல்லாம் என் வசனங்கள். அவன் அவற்றை எந்தப் பிழையும் இல்லாமல் வெளியிட்டான்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு கோட்டை வாசலுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே போகத் தனி விலை என்றது பலகை. "போதும்மா, இங்கதான் நான் நின்னேன்" என்றான் கவின். அவன் குரலில் பழைய கவின் திரும்பியிருந்தான்.

ஆனால் நான் நிற்கவில்லை. அவ்வளவு தூரம் குதிரையேறி வந்தவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டாமா? கொள்ளை என்று ஊரைக் கூட்டியவள், என் கையாலேயே அந்த அத்தியாயத்தை வாங்கினேன். கதவு திறந்தது. ராஜா இருந்தார், சிம்மாசனம் இல்லை. காற்றின் மேல் சம்மணம் போட்டிருந்தார். இருவரும் தரையில் புரண்டு சிரித்தோம். ஒரு வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்றும் எந்தத் திரையாவது "உறுதியாகவா?" என்று கேட்டால் கட்டைவிரலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். போன வாரம் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும்போது அப்படித்தான் கேட்டது. குளித்துக்கொண்டிருந்த கவினைக் கூப்பிட்டேன். ஈரத்தலையோடு வந்தவன் ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் இப்போது சொல்வதைச் சொன்னான்:

"அழுத்தலாம்மா. இதுல யாரோட குதிரையும் இல்ல."