இருக்கக் கூடாத பெஞ்சு

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிரஜை உட்காரவும் தக்கவரே என்று கிழக்குப் பாலக்காட்டின் எல்லையோரப் பஞ்சாயத்து ஒன்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எமர்ஜென்சிக் காலம், தீர்மானம் நிறைவேறியும் தொலைத்தது. நிறுத்தத்தில் இரும்புக்கால் பெஞ்சு வந்து இறங்கியது.

அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. வாராவாரம் பஸ்ஸேறி வைத்தியத்துக்குப் போகிற வலது முட்டி அவருடையது. பக்கத்து வீட்டுக் கந்தப்பனின் தோளைப் பிடித்து நின்று நின்றே அது பூசணிக்காயாகியிருந்தது.

பச்சைப் பெயிண்ட் காயவில்லை. உட்காராதே என்பதற்கு மலையாளத்தில் "இவிடெ இரிக்கருது" என்று பெஞ்சில் போர்டு தொங்கியது. தமிழிலும் வேண்டும் என்றார் ஓவர்சியர். குமாஸ்தா யக்ஞநாராயணனுக்கு இரண்டு பாஷையும் அத்துப்படி.

"அதே வார்த்தைதானே சார், ஒரு எழுத்துதானே மாறறது!"

எழுதினார்: இங்கே இருக்கக் கூடாது.

பெயிண்ட் காய்ந்தது. போர்டை எடுக்க உத்தரவு வரவில்லை. அர்த்தநாரி பெஞ்சைப் பார்த்தபடியே நின்றார்.

ஜீப்பில் வந்த தாசில்தார் தமிழ் வரியைப் படித்தார்.

"எது இருக்கக் கூடாது?"

"பெஞ்சுலதான் தொங்கறது சார்" என்றார் குமாஸ்தா.

"அப்புறம் ஏன் இருக்கு?"

பெஞ்சு அன்றே அப்புறப்படுத்தப்பட்டது. உத்தரவில் போர்டைப் பற்றிப் பேச்சில்லாததால் அதை நிறுத்தத்துக் கம்பத்தில் கட்டினார்கள். மறுநாள் போலீஸ்காரர் அதைப் படித்துவிட்டு, நின்றவர்களை வளைவுக்கு அப்பால் விரட்டினார். பஸ் மட்டும் போர்டுக்கருகே முறைப்படி நின்றது. ஆளில்லாதது கண்டு முறைப்படி கிளம்பியது.

"ஏனுங்க, முட்டி வெடிக்கற வரைக்கும் நிப்பீங்களா? ஆபீசுல போயிக் கேளுங்க" என்று மனைவி நாச்சம்மாள் துரத்தினாள்.

போனார். பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் அதே பெஞ்சு, போர்டில்லாமல். உட்கார்ந்தார். ஆகா! வந்த காரியம் மறந்தே போயிற்று. உட்கார்ந்தால் வலிக்காத முட்டிக்கு வைத்தியம் எதற்கு? வாராவாரம் நேரே வராந்தாவுக்கே வந்தார்.

ஒருநாள் கந்தப்பன் மனுவோடு நொண்டி நொண்டி வந்தான்.

"நிறுத்தத்துக்கு பெஞ்சு கேக்கலாம்னு வந்தனுங்க மாமா. உங்களத் தாங்கித் தாங்கி எங்காலும் போச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அர்த்தநாரி தோள் துண்டை உதறி, பெஞ்சின் காலிப் பாதியில் நிதானமாக விரித்தார்.

"இங்கே," என்றார் சுத்தமான எழுத்துத் தமிழில், "இருக்கக் கூடாது."