தொண்ணூற்றொன்பது ஈரப்பதமும் ஒரு களம் சுக்கும்

வானிலை பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. சொன்னது பலித்தால் பெருமை நமக்கு, பலிக்காவிட்டால் பழி வானத்துக்கு. அந்தத் தைரியத்தில்தான் ஒரு பிப்ரவரியில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி ஒன்றை வாங்கினேன்.

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் எனக்குத் தார்ப்பாய்க் கடை. (மழை வரும் என்று நான் சொன்னால் பஜாரே ஒரு மாதிரி சிரிக்கும். நியாயமான சிரிப்புதான்.) கருவியை நிழலில் மாட்டச் சொல்லி அதோடு வந்த தாளில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் நாள் முழுக்க நிழல் இருப்பது பின்பக்கச் சுவரில் மட்டும்தான். அங்கே ஜன்னலுக்கு மேல், சன்ஷேடுக்கு அடியில் மாட்டினேன். அது காட்டுவதெல்லாம் கடையில் இருந்தபடியே என் போனில் தெரியும்.

காலையும் மதியமும் பஜார் வாட்ஸப் குழுவில் என் அறிக்கை. "விடியலில் லேசான மூடுபனி. காற்று மந்தம். மதியம் வெயில் ஏறும்." ஏறியது! (கொச்சியில் மார்ச் மாதம் வெயில் ஏறும் என்று சொல்ல கருவி எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.) என் மனைவி ஜமீலாவின் தம்பி நாசர் மட்டும் என்னை முழுசாக நம்பிவிட்டான்.

நாசர் சுக்கு வியாபாரி. சுண்ணாம்பில் தோய்த்த இஞ்சி அவனுடைய களத்தில் வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருக்கும். கடைசி வெயில் குடிக்கிற நேரத்தில் கோடை மழை பிடித்தால் போச்சு, பூஞ்சை பூத்துவிடும். நான் சொல்லப்போகும் நாளில், இன்னும் ஒரு வெயில் காய்ந்தால் மறுநாள் காலை லாரி ஏற்றலாம் என்று காத்திருந்தான்.

நோன்பு மாதம். மதியத் தொழுகை முடிந்து கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். அறுபதில் இருந்த ஈரப்பதம் எண்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் தொண்ணூற்றொன்பது! கூடவே வெப்பமும் விறுவிறுவென்று ஏறியது. மழைக்கு முன்னால் காற்று குளிரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் மூளை அதற்குள் மழையைத் தாண்டிப் புயலுக்குப் போய்விட்டது. வெளியே எட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. சொல்லாமல் வருகிற புயல்!

நாசருக்குப் போன் அடித்தேன்.

"நாசர், அள்ளுடா! எல்லாத்தையும் அள்ளு!"

"என்ன மச்சான், வெயில் மண்டையப் பொளக்குது?"

"தொண்ணூத்தொம்பதுடா! இப்ப ஊத்திரும்!"

"படச்சோனே!" என்று இறைவனைக் கூப்பிட்டுவிட்டு போனை வைத்தான்.

கடையில் இருந்த பெரிய தார்ப்பாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நோன்பு வாய், நாக்கு அண்ணாக்கில் ஒட்டிக்கொண்டது. களத்தில் பெண்கள் கூடைகூடையாக அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான ஓமனச் சேச்சி வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தா சேட்டா, மழை எவிடே?"

"வந்துட்டே இருக்கு சேச்சி!"

"ஓ... வைட்டிலா ஜங்ஷன் டிராஃபிக் பிளாக்குல மாட்டியிருக்கும்."

குவியல்களை மூடிக் கட்டினோம். காற்று தூக்கிவிடக்கூடாது என்று நானே ஒரு தார்ப்பாயின் மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டேன். (காற்றா? ஒரு காகிதம்கூட அசையவில்லை.) தார்ப்பாய் தோசைக்கல்லாகச் சுட்டது. அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு துளி விழவில்லை.

"தார்ப்பாய் விக்க வேற வழி கிட்டியில்லயோ சேட்டனுக்கு?" என்றார் சேச்சி.

நாசர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உயிரே போயிற்று. சாட்சிக்கு ஆள் வேண்டுமே! ஜமீலாவைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் வைத்தேன். அதுதான் நான் செய்த மகா முட்டாள்தனம்.

"ஜமீலா, அங்க வானம் எப்படி இருக்கு? கருத்திருக்கா?"

"வானத்த யாரு பாத்தா? இன்னிக்குப் பக்கத்து வீடுகளுக்கும் சேத்து நோன்புக் கஞ்சி கொதிக்குது. அடுக்களை ஜன்னலத் திறந்து வச்சும் வேர்த்து ஊத்துது. ஆவியெல்லாம் உங்க பொட்டி மேலதான் போகுது. அது சொட்டச் சொட்ட நனைஞ்சு தொங்குது, கழட்டி வைக்கவா?"

முதலில் சிரித்தது ஓமனச் சேச்சி. கூடையைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாசர் சிரிக்கவில்லை. சுக்கைப் பரப்பும் பலகையை எடுத்து என் கையில் கொடுத்தான். அத்தனை சுக்கையும் திரும்பப் பரப்பினேன். வெயில் தாழ்ந்துவிட்டது. காயவில்லை. மறுநாள் காலை ஏற வேண்டிய லாரி அதற்கடுத்த நாள்தான் ஏறியது.

அன்று நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கு வந்த நாசர், கஞ்சியை ஒரு வாய் உறிஞ்சினான். கிண்ணத்தை ஜமீலாவிடம் நீட்டினான்.

"புயல் நல்லா இருக்குக்கா. இன்னும் ஒரு கரண்டி ஊத்து."

கருவி இப்போது மொட்டை மாடியில், தார்ப்பாய்ப் பந்தல் நிழலில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அறிக்கையும் தவறாமல் போகிறது. ஆனால் மழை என்று நான் போட்ட அடுத்த நிமிஷம் ஜமீலாவின் போன் அடிக்கும்.

"அக்கா, மச்சான் மழைன்னு போட்டிருக்காரு. அடுப்புல என்ன?"

"புட்டு வேகுதுடா" என்று அவள் சொல்லிவிட்டால் போதும். சுக்கு களத்திலேயே கிடக்கும்.