ஓட்டையில் வைத்த பொட்டு

"அண்ணா, இது சந்தனம் இல்லை, சிமென்ட்டு" என்றாள் செக்கிங் ஹெல்பர் மேகலா, ஊக்கை வெளியே எடுத்தபடி.

கோதண்டராமன் டேப்பை, அதாவது ஃபேக்டரியின் டேப்லெட்டை, வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சார்ஜ் போடும் ஓட்டை முழுக்க மஞ்சளாக அடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் குங்குமம் வேறு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஓட்டையில்தான் மைக்ராஸ்கோப்பின் ஒயரைச் சொருக வேண்டும். சொருகினால்தான் ஷூத் தோலின் மயிர்க்கால் ஒவ்வொன்றும் டேப்பின் திரையில் பெரிதாகத் தெரியும். தெரிந்தால்தான் ஷூவை வாங்குகிற பையர் கம்பெனி ஆள் சரி என்று தலையாட்டுவார், மூவாயிரம் ஜோடி ஷூவும் கன்டெய்னரில் ஏறும். அந்த ஆள் இன்று காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து வருவதாகத் தகவல். இப்போது மணி ஒன்பது பத்து.

ஓட்டையில் பொட்டு வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டால், சாட்சாத் கோதண்டராமனேதான்.

ஆயுத பூஜை அன்று ஃபேக்டரியில் இருந்த தையல் மெஷின், பிரஸ் மெஷின், கத்தரிக்கோல், தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அந்த டேப். மேனேஜர் ஜியாவுல்லா வீட்டுக்குக் கிளம்பும்போதே எச்சரித்துவிட்டுப் போயிருந்தார், டேப்பின் கண்ணாடி மேல் எதுவும் வைக்கக் கூடாது, கேமரா மேலும் கூடாது என்று. கோதண்டராமன் சொன்ன பேச்சைத் தட்டாத மனுஷர். கண்ணாடியையும் கேமராவையும் விட்டுவிட்டால் ஒரு டேப்பில் பொட்டு வைக்க வேறு எங்கேதான் இடம் இருக்கிறது? அடி விளிம்பில், சரியாக நடுவில், சின்னதாக ஒரு குழி. பொட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஆள்காட்டி விரலால் நன்றாக அழுத்தி வைத்தார். லேசாக வைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடுமாம். அப்புறம் இரண்டு நாள் லீவு.

இந்த விஷயம் வெளியே தெரிந்தால் அவருடைய நாற்காலி போய்விடும். வெறும் நாற்காலிதானே என்று நினைத்துவிடக் கூடாது. ஆம்பூரில் இந்த ஷூ ஃபேக்டரியின் செக்கிங் மேஜைக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் அவர். போன மாதம்தான் செக்கிங் இன்சார்ஜ் ஆக்கி, சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றும் கொடுத்தார்கள். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் பழைய இடத்துக்கே போய் நின்றுகொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். உட்கார்ந்து வேலை பார்க்கிற சுகத்தைக் கண்டுவிட்ட கால்கள் இனிமேல் நிற்குமா?

நல்லவேளையாக மேனேஜர் காலையிலேயே தோல் பார்க்க வாணியம்பாடிக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் ஓட்டையைச் சுத்தம் செய்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்துவிடும். மேகலாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வேறு போனில் மைக்ராஸ்கோப்பைச் சொருகலாமே என்று அவள் யோசனை சொன்னாள். ஃபேக்டரிக்குள் யாருக்கும் போன் கிடையாது. எல்லாப் போனும் கேட்டில் வாட்ச்மேன் தமிழ்வேந்தனின் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. அவரிடம் போய்க் காரணம் சொல்லிக் கேட்பதும் மைக்கில் அறிவிப்பதும் ஒன்றுதான்.

ஊக்கு தடிமனாக இருப்பதால்தான் வரவில்லை, தையல் ஊசி என்றால் வேலை சுலபம் என்று கோதண்டராமனுக்குத் தோன்றியது. ஓசைப்படாமல் தையல் பிரிவுக்குப் போய் ஒரு ஊசியை எடுத்து வந்தார். குத்தினார். சந்தனம் துளி கூட அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகக் குத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். ஊசியின் முனை உள்ளே நின்றுவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஷூ ஃபேக்டரியில் ஊசி உடைவது சாதாரண சமாச்சாரம் இல்லை. முனை ஷூவுக்குள் போய்விட்டால் போடுகிறவர் காலைக் குத்திவிடும். அதனால் உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடியெடுத்து, நோட்டில் ஒட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் மொத்தமும் நின்றுவிடும். அந்த நோட்டு ஆரோக்கியமேரியின் பொறுப்பில் இருந்தது. தன் டப்பாவில் ஓர் ஊசி குறைந்த அடுத்த நிமிஷமே அந்த அம்மாள் மோப்பம் பிடித்து வந்து நின்றார்.

"கோதண்டம், முனை எங்க?"

"இங்கதான்க்கா எங்கியோ இருக்கு."

"எங்கியோன்னு நோட்ல எழுத முடியாது. பத்து நிமிஷம் டைம் தர்றேன். வரலைன்னா லைனை நிறுத்திடுவேன்."

மேகலாதான் கைகொடுத்தாள். தரையில் சிந்திய ஊசி பொறுக்கும் காந்தத்தைக் கொண்டுவந்து ஓட்டையின் வாயில் காட்டினாள். காந்தம் பக்கத்தில் வந்ததும் டேப்பின் திரை பட்டென்று அணைந்தது. எடுத்தால் எரிந்தது, வைத்தால் அணைந்தது. கடைசியில் முனை காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஆரோக்கியமேரி அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"ஊசில இன்னா சந்தன வாசனை வருது?"

பூஜை போட்ட ஊசி என்று சொல்லிச் சமாளித்தார் கோதண்டராமன். அந்த அம்மாள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் முனை வந்துவிட்டது, நோட்டில் ஒட்டிக்கொண்டு போய்விட்டார்.

மணி ஒன்பது ஐம்பது. காய்ந்த சந்தனத்தைக் குத்தி எடுக்க முடியாது, கரைத்துத்தான் எடுக்க வேண்டும் என்ற ஞானோதயம் அப்போதுதான் பிறந்தது. தோல் துடைக்கும் தண்ணீரில் பிரஷை நனைத்து ஓட்டையில் விட்டார். சந்தனம் அருமையாகக் கரைந்தது. கரைந்தது வெளியே வராமல் உள்ளே போனது. சார்ஜர் ஓட்டையில் ஈரம் இருக்கிறது, எதையும் சொருகாதீர்கள் என்று டேப் ஒரு செய்தியைப் போட்டது. கீழே சார்ஜ் பதினொரு சதவீதம் என்று காட்டியது. சார்ஜ் ஏற்றலாம் என்றால் அதற்கும் அதே ஓட்டைதான்.

அந்த நேரத்தில்தான் செக்கிங் பிரிவின் வாசலில் ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, தோளில் கறுப்புப் பை. பையின் பக்கவாட்டில் சின்னப் பிரஷ் ஒன்று எட்டிப் பார்த்தது. ஷூவைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிற கறார் ஆசாமி போலிருக்கிறதே என்று கோதண்டராமன் நினைத்தார். டேப்பை மேகலாவின் துப்பட்டாவுக்குள் தள்ளிவிட்டு ஓடினார்.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்."

"என் பேரு ஃபைஸான் சார். ராணிப்பேட்டையிலேர்ந்து வர்றேன். டேப் எங்க இருக்கு?"

வந்ததும் வராததுமாக மனுஷர் நேரே கழுத்தில் கை வைக்கிறாரே என்று கோதண்டராமன் ஆடிப்போனார். சென்னையிலிருந்து வருகிறவர் வழியில் ராணிப்பேட்டையிலும் ஒரு ஃபேக்டரியைப் பிரித்து மேய்ந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். டேப் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது, முதலில் ஒரு டீ சாப்பிடலாம் என்றார்.

"அப்டேட்டா? அப்போ ஆன் ஆகுதா? அதுல யாராச்சும் கை வெச்சீங்களா சார்?"

"சத்தியமா யாரும் தொடலை சார்."

"ஆமா, தொடவே கூடாது. சில பேரு தெரியாத்தனமா எதையாச்சும் நோண்டி ஜாஸ்தி பண்ணிடுறாங்க."

டேப்பில் காட்டும் படத்தில் தில்லுமுல்லு நடக்கும் என்று இப்போதே சந்தேகப்படுகிறார், பலே ஆளாக இருக்கிறாரே என்று கோதண்டராமனுக்கு வியர்த்தது. கண்ணாலேயே மேகலாவுக்கு ஜாடை காட்டினார். காய வை என்று அதற்கு அர்த்தம்.

மேகலா காய வைத்தாள். ஷூவின் சுருக்கத்தைப் போக்க அனல் காற்று அடிக்கிற மெஷின் ஒன்று உண்டு. அதன் முன்னால் டேப்பைப் பிடித்தாள். ஈரம் போனது. போன கையோடு, சூடு அதிகமாகிவிட்டது, ஆற விடுங்கள் என்று டேப் இன்னொரு செய்தி போட்டது. கோதண்டராமன் ஃபைஸானை கேன்டீனில் உட்கார வைத்து டீயும் சமோசாவும் சொல்லிவிட்டு ஓடி வந்தார். ஆற வைக்க விசிறிக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒட்டிய ஷூக்களைக் குளிர வைக்கும் சில்லர் பெட்டிக்குள் போகிற பெல்ட்டில் டேப்பைப் படுக்க வைத்தார். இந்தப் பக்கம் ஒரு இடதுகால் ஷூ, அந்தப் பக்கம் ஒரு வலதுகால் ஷூ, நடுவில் டேப். மறுபக்கம் வெளியே வந்தபோது ஜில்லென்று, உடம்பெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. சார்ஜர் ஓட்டையில் ஈரம் இருக்கிறது என்றது டேப். சார்ஜ் நான்கு சதவீதம்.

"இன்னொரு தபா சூடு காட்டட்டுமாண்ணா?" என்று மேகலா அப்பாவியாகக் கேட்டாள்.

கோதண்டராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தன் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து கைப்பிடியைத் தடவிக்கொடுத்தார். திரை ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு மொத்தமாக இருண்டது.

இனி டேப்பை நம்பிப் பிரயோஜனமில்லை, ஆளைத்தான் கவனிக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ஃபைஸானுக்கு ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டினார். வெட்டும் பிரிவு, தைக்கும் பிரிவு, ஒட்டும் பிரிவு, பெட்டி போடும் பிரிவு என்று ஒன்றையும் விடவில்லை. ஃபைஸான் நடுநடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு ஃபேக்டரிக்குப் போக வேண்டும், டேப்பை மட்டும் கண்ணில் காட்டிவிட்டால் கிளம்பிவிடுவேன் என்றார். கோதண்டராமன் அதற்குள் பிரியாணிக்கு ஆள் அனுப்பியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்த வாசனையில் ஃபைஸானின் அவசரம் கொஞ்சம் கம்மியானது. கத்திரிக்காயை இரண்டாம் முறை வைத்தபோது இன்னும் கம்மியானது. கை கழுவி முடிந்ததும் கோதண்டராமன் ஒரு ஷூவை எடுத்து அவர் மடியிலேயே வைத்தார்.

"மிஷினு கிடக்கட்டும் சார். உங்க கையால தடவிப் பார்த்துச் சொல்லுங்க, எப்படி இருக்கு?"

ஃபைஸான் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மரியாதைக்குத் தடவினார்.

"நல்லாத்தான் சார் இருக்கு. வழவழன்னு இருக்கு."

"குறை எதுனா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலை சார்."

கோதண்டராமனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு தங்கமான மனுஷரை அவர் பார்த்ததில்லை. ஃபைஸான் பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"இதுல உங்க கையெழுத்து வேணும் சார். ஆனா நான் இன்னும் டேப்பைப் பார்க்கவே இல்லியே. பார்க்காம எப்படி?"

"பார்த்த மாதிரியே வெச்சுக்கலாம் சார். நமக்குள்ள இன்னா இருக்கு?"

ஃபைஸான் யோசித்தார். பிறகு, உங்களுக்குப் பரவாயில்லை என்றால் எனக்கும் பரவாயில்லை, நாளைக்கு யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். யாரும் கேட்க மாட்டார்கள், அதற்கு நான் கேரன்டி என்று கோதண்டராமன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். எங்கே மனசு மாறிவிடுவாரோ என்ற பதற்றத்தில் தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். முத்து முத்தாக, முழுப் பெயரும் போட்டார். கொல்லைப்புற வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு போய், ஃபேக்டரி வேனில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொல்லி, வேன் தெருமுனை திரும்பும் வரை கையை ஆட்டினார்.

திரும்பி வந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காலால் தரையை உதைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். மேகலாவும் சிரித்தாள். செத்துப்போன டேப்பை என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, இன்ஸ்பெக்ஷனே முடிந்துவிட்டது, இனிமேல் டேப் யாருக்கு வேண்டும், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு சுற்றுச் சுற்றினார். ஆளைச் சமாளிக்கத் தெரிந்தவனுக்கு மிஷினே தேவையில்லை என்று அவளுக்கு ஒரு பாடமும் நடத்தினார்.

மூன்றாவது சுற்றின் நடுவில் வாட்ச்மேன் தமிழ்வேந்தன் மூச்சு வாங்க ஓடி வந்து நின்றார்.

"சார், சென்னையிலேர்ந்து பையர் மேடம் ரயிலு லேட்டாகி இப்பதான் கேட்டுக்கு வந்திருக்காங்க, மேனேஜர் காலையில கிளம்பறப்பவே டேப்ல சந்தனம் அடைச்சிருக்கிறதைப் பார்த்துட்டு, அதை எடுக்கச் சொல்லி ராணிப்பேட்டையிலேர்ந்து ஒரு ரிப்பேர் ஆளை அனுப்பிச்சிருந்தாராமே, அந்த ஆளு வேலையை முடிச்சுட்டாரான்னு போன்ல கேக்கறாரு."