நாளைக்கே புகார் கொடுப்பவர்

முதலாளி மீது புகார் கொடுப்பவர்களில் இரண்டு வகை. கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்பவர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நாளைக்குக் கொடுக்கப்போகிறவர்தான் நம்முடைய ஆள். இவர் இல்லாத கடை உண்டா? ஆபீஸ்தான் உண்டா?

திண்டிவனத்து ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அய்யப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் முதலாளி மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு பன்னும் டீயும் கொடுத்தார். அன்று வீடு திரும்பும்போது ஒலக்கூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சட்டத்தில் இருப்பதையும் இல்லாததையும் சேர்த்து, கண்டக்டரே டிக்கெட் கிழிக்க மறந்து கேட்கும்படி அய்யப்பன் முழங்கினார்.

"சாப்பாட்டுக்கு நேரம் குடுக்கணும்னு சட்டம் இருக்குது. நாளைக்கே லேபர் ஆபீசுல எழுதிக் குடுக்கறேன். அப்பறம் பாரு, முதலாளி பேஜாராயிடுவாரு!"

மறுநாள் அஷ்டமி. அதற்கடுத்து மாமியார் ஊரில் கூழ் ஊற்றினார்கள். பிறகு, தள்ளுபடி முடியட்டும், வியாபார நேரத்தில் பாவம் என்று முதலாளி மேலேயே இரக்கம் வந்துவிட்டது. இதற்குள் அதே பிரிவில் வேலை பார்க்கும், சர்க்கரைக்கு மாத்திரை போடும் சூர்யகலா, புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். ஓடிவந்து தண்ணீர் தெளித்தவர் அய்யப்பன்தான். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல முடியாது.

சூர்யகலா தனக்கு வார விடுமுறையான புதன்கிழமை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே லேபர் ஆபீசில் புகார் கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

லேபர் ஆபீசிலிருந்து ஆய்வாளர் வந்தார். கடையில் மூத்தவராயிற்றே என்று அய்யப்பனைக் கேட்டார்.

"மத்தியானம் சாப்பிட விடுறாங்களா?"

அய்யப்பன் முதலாளியைப் பார்த்தார். முதலாளியும் அவரைப் பார்த்தார்.

"எங்களுக்குப் பசியே எடுக்காதுங்க சார். அந்த பன்னே செரிக்க மாட்டேங்குது."

"எனக்கு எடுக்குதுங்க சார்," என்றபடி சூர்யகலா முன்னால் வந்தாள். "நான்தான் எழுதிக் குடுத்தேன். சாப்புட உடாம நிக்க வச்சுக்கினே இருந்தாங்க, மயக்கமா உழுந்துட்டேன். இவருதான் தண்ணி தெளிச்சாரு, கேளுங்க."

அய்யப்பன் ஏற்கெனவே மடித்த புடவையை மும்முரமாக மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை திரும்ப வந்தது. முதல் நாள் முதல் ஆளாகத் தூக்குவாளியைத் திறந்தவர் யார் என்கிறீர்கள்? சாயங்காலம் பஸ்ஸில், "நான் ஒரு மொறை மொறைச்சேன், அவ்ளோதான், மிரண்டுட்டாரு!" என்று கண்டக்டருக்குச் சொன்னவரும் அவரேதான். முன் சீட்டில் இருந்த சூர்யகலா திரும்பிப் பார்க்கவில்லை.

இதை நீங்கள் சாப்பாட்டு இடைவேளையில் படிக்கிறீர்களோ? நிதானமாகச் சாப்பிடுங்கள். அதை யாரோ ஒருத்தி கேட்டு வாங்கிய அன்று, நீங்கள் எந்தப் புடவையை மடித்துக்கொண்டிருந்தீர்கள்?